நும்பாலேரி

அந்த வருஷம் ஆடி மாதம் நம் குவார்ட்டர்ஸில் பேன்ட் போட்டுக்கொண்டு ஒரு அம்மா திரிந்தாரே, உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? ஆவடியில் ஒன்றாக வளர்ந்த நாம் இப்போது ஆளுக்கொரு திசையில் இருக்கிறோம். சிலருக்குப் பேரப்பிள்ளைகள்கூட வந்தாயிற்று. சந்தித்தால் சர்க்கரை அளவைப் பற்றித்தான் பேசுகிறோம். போன மாதம் ஒரு கல்யாணத்தில் நம் தெருக்காரி ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுல ஒரு வெஸ்ட் இண்டீஸ் லேடி வந்து தங்கியிருந்தாங்களே, அவங்க யாரு, என்ன ஆனாங்க?" என்று கேட்டாள். அதற்குள் பந்தியில் இலை போட்டுவிட்டார்கள். சாம்பார் வந்தது, பாயசம் வந்தது, பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. பதிலை இங்கே எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பதினோரு வயது இருக்கும். தம்பி இரண்டாம் வகுப்பு. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் அலுவலக வேலை. வாசலில் வேலை பார்க்கும் கூலியாக நுழைந்து, ராத்திரி டைப்பிங் படித்து, இங்கிலீஷ் படித்து, கிளார்க் ஆனவர். இஸ்திரி போடாத சட்டையில் அவரை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்குள்கூட பனியனோடு உட்கார மாட்டார். பகலில் படுக்க மாட்டார். பேச்சும் அப்படித்தான். வானொலியில் செய்தி வாசிப்பவர் மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் திருத்தமாக உச்சரிப்பார். நாங்கள் 'இன்னா' என்று சொல்லிவிட்டால் போதும், திரும்பிப் பார்ப்பார். அடிக்க மாட்டார். அந்தப் பார்வையே போதும்.

சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், "காஞ்சிபுரம் பக்கம்" என்பார். நாங்களும் அதையே சொன்னோம். காஞ்சிபுரம் பக்கம் எந்த ஊருக்கும் எங்களை அவர் கூட்டிக்கொண்டு போனதில்லை.

அப்பாவுக்கு ஓர் அக்கா உண்டு. எங்களுக்கு அத்தை. மாதத்தில் ஒருநாள் கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வருவார். தெருவில் அவரைக் 'கீரைக்காரம்மா' என்று கூப்பிட வேண்டும், வீட்டுக்குள் வந்ததும் 'அத்தை' என்று கூப்பிட வேண்டும். இது எங்கள் வீட்டுப் பழக்கம். மழை வந்தால் குடை பிடிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. இதில் வினோதம் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. எதிர் வீட்டு ஃபோர்மேன் மனைவிகூட அத்தையிடம் பேரம் பேசி முளைக்கீரை வாங்குவார். அத்தையும் கீரைக்காரியாகவே நின்று, "கட்டி வராதும்மா, கைய கடிக்கும்" என்று சொல்லி விற்பார்.

அந்த அம்மா வந்தது ஆனி மாதக் கடைசியில். தம்பிக்கு டானிக் வாங்க அப்பா பூந்தமல்லியில் இறங்கியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் ஒரு கூட்டம். நடுவில் பேன்ட்டும் பூப்போட்ட சட்டையும் போட்ட ஒரு பெண், கையில் ஒரு தோல் பெட்டி. பார்த்தால் நம் ஊர்க்காரி போலவே இருக்கிறார். ஆனால் தமிழ் தெரியாது என்கிறார். கண்டக்டருக்குக் கோபம். "மூஞ்சியப் பாத்தா பக்கத்துத் தெரு மாதிரி கீது, இங்கிலீஷ்ல படம் காட்டுது" என்று கத்திக்கொண்டிருந்தாராம். அப்பாதான் இடையில் புகுந்து பேசியிருக்கிறார். அந்தப் பெண் ட்ரினிடாட் என்ற தீவிலிருந்து வருகிறார். தாத்தாவுக்குத் தாத்தா கப்பலேறிக் கரும்பு வெட்டப் போனவர். ஊர் பூந்தமல்லி என்பது மட்டும் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். கோவில்களைப் பார்க்க ஒரு குழுவோடு மெட்ராஸ் வந்தவர், குழு திரும்பிய பிறகும் தங்கிவிட்டார். பூந்தமல்லியில் இரண்டு லாட்ஜிலும் தனியாக வந்த பெண்ணுக்கு ரூம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பொழுது சாயும் நேரம். அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

கதவைத் திறந்த அம்மா, "இது யாருங்க, அப்படியே நம்ம..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். எனக்கும் தெரிந்தது. அதே அகன்ற நெற்றி. அதே மாதிரி ஒரு பக்கம் லேசாகத் தூக்கிய புருவம். தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். கூடையைத் தலையில் வைத்தால் அத்தைதான்.

ரெண்டு நாள் தங்குவதாக வந்தவர், ஆடி முடியும்வரை இருந்தார். நாங்கள் அவரைத் தீவு ஆன்ட்டி என்று கூப்பிட்டோம். அவர் அப்பாவை 'பிரதர்' என்று கூப்பிட்டார். அப்பா அவரை 'மேடம்' என்றார்.

ஆன்ட்டியின் வேலையே ஊரைச் சுற்றிக் காட்டுவதுதான். தீவுக்கு வரும் வெள்ளைக்காரர்களைச் சின்ன பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இடம் இடமாகக் கூட்டிப்போய் விளக்கிச் சொல்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. வாய் ஓயாது. சாயங்காலம் ஆனால் போதும், முன்னறையில் அவர் நாற்காலியில் உட்காருவார், நாங்கள் தரையில். அப்பா பக்கத்தில் நின்றுகொண்டே மொழிபெயர்ப்பார். தெருப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். நீங்களும் தொங்கியிருப்பீர்கள்.

பையன்களுக்குக் கிரிக்கெட்தான் முக்கியம். அந்தப் பெரிய பேட்ஸ்மேனைத் தெரியுமா, இந்த ஃபாஸ்ட் பௌலரைத் தெரியுமா என்று கேட்டுத் துளைத்தார்கள். "அவர் வேறு தீவு, அவரும் வேறு தீவு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர்களுக்கு ஏமாற்றம். வெஸ்ட் இண்டீஸ் என்பது ஒரே ஊர் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்திருந்தோம்.

சிவப்பு நிறத்தில் பைனாகுலர் போல ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். வட்ட அட்டையைச் செருகிக் கண்ணில் வைத்து விசையை அழுத்தினால் படம் மாறும். படத்துக்குள் இறங்கி நடக்கலாம் போல ஆழம் இருக்கும். அதில்தான் அந்தத் தீவைப் பார்த்தேன். சூடான பிளாஸ்டிக் வாசனையும் அவர் கைக்குட்டையின் பவுடர் வாசனையும் சேர்ந்த ஒரு தீவு அது.

ஒரு படத்தில் தார் ஏரி. தண்ணீருக்குப் பதில் கருப்பாகத் தார், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. அதன்மேல் மனிதர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். "நின்றால் மெதுவாக உள்ளே போய்விடுவோம். நடந்துகொண்டே இருக்க வேண்டும்" என்றார் ஆன்ட்டி. எப்போதோ முழுகிய மரம் ஒன்று பல வருஷம் கழித்துத் தானே மேலே வந்து நிற்குமாம். நம் ஊரில் ரோடு போட அந்தத் தாரைத்தான் கப்பலில் கொண்டுவந்தார்களா என்று அப்பா கேட்டார். இருக்கலாம் என்றார் அவர்.

இன்னொன்றில் சதுப்பு நிலத்தில் மாலை நேரம். மரமெல்லாம் சிவப்புப் பூ என்று நினைத்தேன். பூ இல்லை, பறவைகள். பகலெல்லாம் எங்கோ இரை தேடிவிட்டுச் சாயங்காலம் கூட்டம் கூட்டமாக வந்து உட்காருமாம். குஞ்சாக இருக்கும்போது அவை சிவப்பு இல்லை, அழுக்குப் பழுப்பு. அங்கிருக்கும் நண்டைத் தின்று தின்றுதான் சிவப்பாகின்றன. தம்பி அன்று முழுக்க நண்டுக் குழம்பு வேண்டும் என்று அழுதான்.

கடல் ஆமை முட்டையிடுவதைப் பார்க்க ஆட்களைக் கூட்டிப்போவாராம். கட்டில் அகலத்துக்கு ஆமை. மணலைத் தோண்டி முட்டையிடும்போது அதன் கண்ணிலிருந்து நீர் வழியும். வெள்ளைக்காரிகள் அதைப் பார்த்து அழுவார்கள். "அது அழுகை இல்லை, உப்பு வெளியேறுகிறது என்று சொல்லுவேன். சொன்னாலும் அழுவார்கள்" என்று சிரித்தார்.

கடலுக்குள் கட்டிய கோவில் ஒன்று. கரும்புக் கம்பெனி நிலத்தில் சாமிக்கு இடம் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால், ஒரு கூலிக்காரர் கல்லைக் கல்லாகக் கொண்டுபோய்க் கடலில் கொட்டி, அதன்மேல் கட்டினார். வேறொரு ஊரில் மாதா கோவில். உள்ளே கறுப்பு மாதா. ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழனன்று இந்துக்கள் வரிசையில் நின்று அவளை அம்மா என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். பாதிரியார் ஒன்றும் சொல்வதில்லை. எண்ணெய் டிரம்மின் அடிப்பக்கத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் குழியாக்கி, அதில் சங்கீதம் வாசிப்பார்கள் என்று சொன்னபோது நம்பவில்லை. அம்மாவின் காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்து, ஆணியும் சுத்தியலும் வாங்கி, மூன்று சுரம் வரும்வரை தட்டிக் காட்டினார். மூன்றாவது சுரம் கொஞ்சம் இருமல் மாதிரி வந்தது.

அப்பா எல்லாவற்றையும் ஒரே குரலில் மொழிபெயர்த்தார். ஒன்றே ஒன்றில்தான் நிறுத்தினார். கார்னிவல் என்று ஒரு திருவிழா. தொடங்கும் நாள் விடியற்காலையில் ஊரே தெருவுக்கு வந்து உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு ஆடும். "பூசிக்கொண்ட பிறகு யார் யாரென்று தெரியாது. முதலாளியா கூலியா, எந்தத் தெரு, யார் பிள்ளை, ஒன்றும் தெரியாது."

அப்பா மொழிபெயர்க்காமல் அவரிடமே திருப்பிக் கேட்டார். "யாருக்குமே தெரியாதா?"

"குளிக்கும்வரை தெரியாது, பிரதர்."

எதிர் வீட்டு ஃபோர்மேன் மனைவிக்கு ஆன்ட்டிமேல் ரொம்பப் பிரியம். ஃபாரின் விருந்தாளி எங்கள் வீட்டுக்கு வந்ததில் தெருவுக்கே பெருமை என்பார். கல்லூரியில் படித்த தன் மகளை இங்கிலீஷ் பேசிப் பழக அனுப்புவார். ஒருநாள் ஆன்ட்டி எங்கள் சமையலறையில் மஞ்சள் போட்ட மைதா மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்து, இரண்டு வட்டத்துக்கு நடுவில் கொண்டைக்கடலைக் கறியும் காரச் சட்னியும் வைத்து, தெருவோரச் சாப்பாடு என்று எல்லோருக்கும் கொடுத்தார். கண்ணில் தண்ணீர் வரும் காரம். தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாலு தின்றான். ஃபோர்மேன் மனைவி மட்டும், "எனக்கு இன்னிக்கு விரதம்" என்றார். அவருக்கு எங்கள் வீட்டில் எப்போதும் விரதம்தான். பக்தி அதிகம் என்று அம்மா சொல்வார்.

அதே வாரத்தில்தான் அந்தப் பாட்டு வந்தது. அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றினார். ஆன்ட்டி பக்கத்தில் நின்று கைகூப்பி, தங்கள் வீட்டில் சாமிக்குப் பாடுவது என்று சொல்லி ஒரு வரி பாடினார். "நும்பாலேரீ... நெர்ஞ்சு வன்தா..." அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதே வரி. பொருள் தெரியாது. நும்பாலேரி என்பது ஒரு அம்மனின் பெயர் என்று அவர் வீட்டில் நம்பிக்கை.

அம்மாவின் கையில் தீக்குச்சி எரிந்துகொண்டே இருந்தது. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டார்.

"ஏரி என்றால் லேக்" என்றார். "ஏதோ ஓர் ஏரியைப் பற்றிய பாட்டு."

"எந்த ஏரி, பிரதர்?"

"கொரட்டூர் ஏரியாக இருக்கலாம்."

அம்மா சமையலறைக்குப் போய்விட்டார். அது பொய் என்று அன்று எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ரயிலேறிக் கொரட்டூரில் இறங்கினோம். பெரிய ஏரி. ஓரத்தில் ஆகாயத்தாமரை. ஆன்ட்டி செருப்பைக் கழற்றினார், பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார், அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். முதுகு குலுங்கியது. எழுந்து வந்தபோது முகம் முழுக்க ஈரம். ஃபிலிம் ரோல் டப்பாவில் கரைமண்ணை அள்ளி மூடினார். அவ்வளவு நேரமும் அப்பா ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி நின்றார். வரும்போது எங்களுக்கு வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை.

ஆடி பிறந்த பிறகு அத்தை கீரையோடு வந்தார். அப்பா வழக்கமாக அந்த நேரத்தில் வேலையில் இருப்பார். அன்று காய்ச்சல் என்று லீவு போட்டுப் படுத்திருந்தார். முன்னறையில் ஆன்ட்டியும் ஃபோர்மேன் மனைவியும் அரைகுறை இங்கிலீஷும் கையசைவுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்வாசலில் கூடையை இறக்கிய அத்தையைப் பார்த்து ஆன்ட்டி எழுந்து வந்தார். இரண்டு பேரும் சமையலறை நிலைப்படியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அட, இவங்களுக்கும் கீரைக்காரிக்கும் ஒரே ஜாடை!" என்று ஃபோர்மேன் மனைவி கைதட்டிச் சிரித்தார். சிரித்துவிட்டு, பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன் என்று எழுந்து போய்விட்டார்.

அத்தை அப்பாவைக் கேட்டார். "இன்னா நைனா, யாரு இது? என்னிய உரிச்சி வெச்சா மாதிரி கீது."

அப்பா போர்வைக்குள்ளிருந்து, "ஊர்லேருந்து வந்திருக்காங்க" என்றார்.

"இன்னா ஊரு?"

பதில் வருவதற்குள் ஆன்ட்டி அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த ஒரே தமிழைப் பாடினார். "நும்பாலேரீ... நெர்ஞ்சு வன்தா..."

அத்தை ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை.

"நூம்பலேரி நெறஞ்சி வந்தா
நம்மூட்டுப் பானை நெறயும்"

பாடி முடித்துவிட்டு, "இது எங்கம்மா நடவுல பாடுற பாட்டாச்சே! இத்த இந்தம்மாக்கு யாரு சொல்லிக் குட்த்தது?" என்று அப்பாவைப் பார்த்தார். "நம்ம ஏரி பாட்டு நைனா. நம்ம ஏரி."

அன்றைக்குத்தான் எனக்கு எங்கள் ஊர் நூம்பல் என்று தெரிந்தது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில், வேலப்பன்சாவடி தாண்டியதும். காஞ்சிபுரம் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து ரெண்டு பஸ் மாறினால் போய்விடலாம்.

அப்பா போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். பாட்டின் இரண்டாவது வரிக்கு அம்மாதான் தட்டுத்தடுமாறி, கையால் பானை மாதிரி காட்டி, ஆன்ட்டிக்கு அர்த்தம் சொன்னார். ஏரி நிறைந்தால் நம் வீட்டுச் சோற்றுப் பானை நிறையும். ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நூறு வருஷமாகத் தன் குடும்பம் கற்பூரம் காட்டிக் கும்பிட்டது ஒரு சோற்றுப் பாட்டை. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று கவனிக்கவில்லை. அத்தை தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "ஞாயித்துக்கெயம கூழு ஊத்துறோம். இட்டாந்துடு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கினார்.

அப்பா வரவில்லை. ஓவர்டைம் என்றார். அம்மா எங்களையும் ஆன்ட்டியையும் கூட்டிக்கொண்டு போனார்.

நூம்பலில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. எங்கள் சனம் இந்தப் பக்கம். முன்பு எல்லோருக்கும் கழனி வேலை. அப்போது பாதிப் பேர் கம்பெனிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வேப்பிலைத் தோரணம், குழாய் ஒலிபெருக்கி, பெரிய அண்டாக்களில் கேழ்வரகுக் கூழ். தெரியாத கிழவர்கள் என் கன்னத்தைத் தொட்டு, "அவன் பொண்ணா?" என்று கேட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் அப்பாவைத் தெரிந்திருந்தது. எனக்கு அவர்களில் ஒருவரையும் தெரியவில்லை. சந்தோஷமும் இல்லை, வெட்கமும் இல்லை. கூழில் மிதந்த சின்ன வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மூலையில் வைக்கோலைக் கொளுத்திப் பறைகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி அங்கே போனார். ஒரு பறையைக் காட்டி, "தப்பு" என்றார். தீவிலும் பறைக்கு அதுதான் பெயராம்.

"பார்றா, தப்புன்னு கரீட்டா சொல்து!" என்று அடிப்பவர்கள் சிரித்தார்கள்.

அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். யாரோ விளையாட்டாகக் கொடுத்தார்கள். தோலைத் தீக்கு முன்னால் பிடித்து, விரலால் சுண்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காட்டி, தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு குச்சிகளையும் வாங்கினார். பெண் பறை அடித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. தீவில் மாரியம்மன் பூசைக்கு அவர் அப்பா அடிப்பாராம், பையன் இல்லாததால் இவருக்குக் கற்றுக் கொடுத்தாராம்.

அடித்தார். இவர்கள் அடியும் அவர் அடியும் ஒன்றாக இல்லை. அவருடையது கடலைத் தாண்டிப் போய் எங்கேயோ திரும்பியிருந்தது. இவர்களுடையதும் சும்மா இருக்கவில்லை, சினிமாப் பாட்டெல்லாம் உள்ளே வந்திருந்தது. இரண்டும் முட்டி மோதிக்கொண்டன. அவர் நிறுத்தினார். இவர்கள் நிறுத்தினார்கள். மறுபடி ஆரம்பித்தார்கள். ரொம்ப நேரம் கழித்து ஓர் இடத்தில், ஒரே ஓர் அடியில், எல்லாக் குச்சிகளும் சேர்ந்து விழுந்தன. அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு அங்கிருந்து போனார்கள். அத்தை குலவையிட்டார்.

வெயில் தாழ்ந்தபோது அப்பா சைக்கிளில் வந்தார். கூட்டத்துக்குள் வராமல் ஏரிக்கரைமேலேயே நின்றார். ஆன்ட்டி பறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவரிடம் போனார். நானும் பின்னால் போனேன். இருவருக்கும் முன்னால் ஏரி. கொரட்டூரைவிடச் சிறியது. நான்கு எருமைகள் தண்ணீரில் கிடந்தன.

"பிரதர், அன்றைக்குப் பார்த்தது?"

"அது கொரட்டூர்."

"இது?"

"இது நூம்பல்."

அவர் தலையசைத்தார். அவ்வளவு இங்கிலீஷ் எனக்கே புரிந்தது. எருமைகளில் ஒன்று எழுந்து வெளியே வரும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

ஆன்ட்டியால் எதையும் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் பிழைப்பே சொல்வதுதான். மறுநாள் காலையில் எதிர் வீட்டுக்குப் போய், எனக்குச் சனம் கிடைத்துவிட்டது என்று ஃபோர்மேன் மனைவியிடம் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பிரதரின் ஊர், கீரை கொண்டுவரும் அவர் அக்கா, ஏரிக்கு இந்தப் பக்கம், தப்பு, கூழ். அந்த வீட்டு மகள் வரி விடாமல் தன் அம்மாவுக்கு மொழிபெயர்த்தாள். அது சேதி இல்லை, எங்களைத் தூக்கிக் கிணற்றில் போடுகிற காரியம் என்று அவருக்கு யார் சொல்வது?

அப்பா அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, ஷூவைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ வருவார்கள் என்று காத்திருப்பவர் மாதிரி. யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குழாயடியில் அம்மாவிடம் யாரும் முகம் திருப்பவில்லை. தொழிற்சாலையில் ஃபோர்மேன் வழக்கம்போல 'குட்மார்னிங்' சொன்னார். எதுவுமே நடக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அப்பா ஷூவோடு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அம்மாவே எதிர் வீட்டுக்குப் போனார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஃபோர்மேன் மனைவிதான் சொன்னார், ரொம்ப அன்பாக.

"இதுக்கா முகம் வாடிப் போயிருக்கீங்க? எங்களுக்கு நீங்க குடிவந்த வருஷமே தெரியும்மா. ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். அவர் சொல்லல, நாங்க கேக்கல. ஒருத்தர் மனசு நோகக் கூடாதில்ல? அந்தக் கீரைக்காரம்மா உங்க நாத்தனார்தான்னும் தெரியும். பாவம், கீரைய சுமந்துட்டு வர்றாங்கன்னுதான் வாங்கறது."

பால் ஊற்ற வந்திருந்த பால்காரரின் சின்னப் பெண் உள்ளேயிருந்து ஒரு தட்டோடு வந்தாள். முந்தின நாள் அம்மா கொடுத்தனுப்பிய கொழுக்கட்டை. தின்றுகொண்டே வந்தாள். ஃபோர்மேன் மனைவி அவளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கோலமாவு டப்பாவை எடுத்து நகர்த்தி வைத்தார். அந்த விரதங்கள் எல்லாம் என்ன விரதம் என்று அம்மாவுக்கு அப்போது புரிந்திருக்கிறது. எனக்குப் புரியக் கல்லூரிக் காலம்வரை ஆயிற்று.

அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னார். "எல்லாருக்கும் தெரியுமாம். முதல்லேர்ந்தே தெரியுமாம்."

அப்பா, "அப்போ இத்தனை வருஷம்..." என்று ஆரம்பித்தார். ஷூவைக் கழற்றி, துணியை எடுத்து, பாலிஷ் போட ஆரம்பித்தார். ஏற்கனவே பளபளப்பாகத்தான் இருந்தது.

ஆன்ட்டி அடுத்த சில நாட்களில் கிளம்பினார். தான் செய்தது இன்னதென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு அத்தையும் வந்தார், கூடையில்லாமல், கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டபோது எது யார் கை என்று தெரியவில்லை. நான் அழ வேண்டும் என்று நினைத்து முயன்று பார்த்தேன், வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு மூன்று நான்கு வருஷம் வாழ்த்து அட்டை வந்தது. பிறகு நின்றுவிட்டது. என்ன ஆனார் என்று கேட்டாயே, தோழி, அதற்குப் பதில் தெரியாது என்பதுதான். அவர் கொடுத்துவிட்டுப் போன படப்பெட்டி தம்பி கையில் உடைந்தது. வட்ட அட்டைகளை மட்டும் கொஞ்ச நாள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். குண்டூசித் தலை அளவு தெரியும் சிவப்பு. பிறகு அவையும் எங்கே போயின என்று தெரியவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, "கிளம்புங்க" என்றார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பஸ் மாறி நூம்பலில் இறங்கினோம். அத்தை வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். அப்பா உள்ளே போனதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டாம் முறை சோறு வாங்கி, குழம்பு ஊற்றச் சொல்லி நிமிர்ந்து, "இன்னாக்கா, கொயம்புல புளி தூக்கலா கீது?" என்றார்.

தம்பி என் தொடையைக் கிள்ளினான். அம்மா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துன்னு துன்னு, எல்லாம் சரியாதான் கீது" என்றார் அத்தை.

சாப்பிட்டபின் அப்பா வெளியே வந்து, வேப்பமரத்தடியில் வெறும் தரையில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார். வாய் திறந்திருந்தது, பனியன் மேலேறி வயிறு தெரிந்தது. கோழிகள் அவர் காலைச் சுற்றிக் கிளறிக்கொண்டிருந்தன. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்து, அவன்தானா என்று அத்தையிடம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். வெயில் நகர்ந்து அவர் முகத்துக்கு வந்தது. அத்தை ஒரு பழம்புடவையை எடுத்துவந்து கொம்பில் கட்டி மறைத்தார்.

நாங்கள் பிடிக்க வேண்டிய ஐந்து மணி பஸ் போகிற சத்தம் ரோட்டில் கேட்டது. அம்மா அவரை எழுப்பவில்லை.